டயர் வாங்கும் முன் நான்கு கடையில் கேளுங்கள். நான்கிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்



வீட்டுக்கு ஒரு மிக்ஸி வாங்க வேண்டும் என்றால் சிவகாசியில் மூன்று கடை, சாத்தூரில் ஒரு கடை ஏறி இறங்கி, மச்சானிடமும் கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறோம். காருக்கு டயர் வாங்குவது மட்டும் அப்படி நடப்பதில்லை. நாளை மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நாளை மறுநாள் மேலப்பாளையத்தில் நிக்காஹ் என்ற நிலையில், பஞ்சர் ஒட்டுபவர் டயரைச் சுரண்டிப் பார்த்து, "பாய், இதுல பட்டனே இல்ல, இதை வச்சுக்கிட்டு லைன்ல போகாதீங்க" என்று சொன்ன பிறகு, அவசரத்தில் பக்கத்துக் கடையில் இருப்பதை மாட்டிக்கொண்டு வருகிறோம். நான்கு டயருக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று போகும் செலவு இது. நம் பகுதியில் ஒரே ஒரு காரை வாடகைக்கு ஓட்டி அதில் குடும்பம் நடத்தும் சகோதரர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது ஒரு மாத வருமானத்தில் பெரும் பகுதி.

பணம் மட்டும் என்றால் பரவாயில்லை. சாத்தூரில் நான்கு வழிச்சாலையில் ஏறி, சித்திரை வெயிலில் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகும்போது, வண்டிக்கும் ரோட்டுக்கும் இடையே இருப்பது அந்த நான்கு டயர்கள்தான். அதனால் விலை குறைவாகவும் வாங்க வேண்டும், குறைந்த விலைக்குக் குறைந்த பொருளை வாங்கிவிடவும் கூடாது. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்துகொண்டு, எல்லாக் கடையிலும் ஒரே பொருளுக்கு, எல்லாம் சேர்த்த விலையைக் கேட்க வேண்டும்.

முதலில் டயரைப் படியுங்கள்

உதாரணத்துக்கு இன்னோவா காரை எடுத்துக்கொள்வோம். அதில் பல மாடல்களின் டயரில் 205/65 ஆர்15 94எஸ் என்று இருக்கும். 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கவாட்டின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். இதுவரை எல்லாக் கடைக்காரர்களும் கேட்பார்கள்.

அடுத்து வருவதைத்தான் நாம் கவனிப்பதில்லை. 94 என்பது சுமைக் குறியீடு. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ வரை தாங்கும். 91 என்றால் 615 கிலோதான். கடைசியில் உள்ள எழுத்து வேகக் குறியீடு: எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், எச் என்றால் 210. யாரும் அந்த வேகத்தில் போகப் போவதில்லை. ஆனால் சுமைக் குறியீடு நமக்கு முக்கியம். ஏழு பேர் வண்டியில் பிள்ளைகளோடு பத்துப் பேர் ஏறுவதும், மேலே லக்கேஜ் கட்டுவதும் நம் ஊரில் புதிதல்ல. வண்டிக் கம்பெனி கொடுத்த குறியீட்டுக்குக் குறைவான டயரை, விலை குறைகிறது என்பதற்காக மாட்டவே கூடாது.

ஆம்னி, ஈக்கோ போன்ற வேன் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். பட்டாசு ஆலைக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வண்டிகளில் இவை அதிகம். இவற்றுக்கு உரியது, சுமை தாங்குவதற்கென்றே செய்த எல்.டி. வகை டயர். ஆம்னியின் 12 அங்குல ரிம்மில் சிறிய காரின் 145/80 ஆர்12 டயரும் உட்கார்ந்துவிடும், விலையும் குறைவு. உட்காருகிறது என்பதற்காக அது பொருத்தமான டயர் ஆகிவிடாது.

சரியான அளவும், போட வேண்டிய காற்றின் அளவும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். வண்டியோடு வந்த புத்தகத்திலும் இருக்கும். பழைய வண்டி வாங்கியவர்கள் இப்போது மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் வேறு அளவு மாட்டியிருக்கலாம்.

பிறந்த தேதி

டயரின் பக்கவாட்டில் ஒரு சிறிய நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் மாதம் தயாரானது. சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும்; மாட்டும்போது அது உள்பக்கம் போய்விடக்கூடும். அதனால் ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ரப்பர் ஓடினாலும் தேயும். ஓடாமல் கிடந்தாலும் காலப்போக்கில் இறுகி வெடிப்பு விடும். வெயில் அதிகமுள்ள ஊரில் அது சீக்கிரம் நடக்கும். வண்டிக் கம்பெனிகள் பல, ஆறு ஆண்டுகளில் டயரை மாற்றிவிடச் சொல்கின்றன. ஐந்து ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் எந்த டயரையும் ஓட்டக் கூடாது என்பது டயர் கம்பெனிகளின் அறிவுரை. நம்மில் பலர் மறந்துவிடும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குத்தான்.

இந்தத் தேதிக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடல் டயர் ஒரு கடையில் சில நூறு ரூபாய் குறைவாக இருந்தால், அது இரண்டு வருடமாக அலமாரியில் இருந்த சரக்காக இருக்கலாம். அப்படி இருந்தால் அது கெட்ட டயர் என்று அர்த்தமில்லை. அதை வாங்கலாமா என்பது நீங்கள் எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வாடகை வண்டி ஓட்டும் சகோதரர் மாதம் நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 48,000 கிலோமீட்டர். அவருடைய டயர் வயதாவதற்கு முன்பே தேய்ந்துவிடும். அவர் ஒன்றரை வருடம் பழைய சரக்கை நல்ல தள்ளுபடியில் வாங்கினால் அது அவருக்கு லாபம். வீட்டுக் காரை வருடம் ஆறாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவருக்குக் கணக்கு தலைகீழ். அவருடைய டயரில் ஆறு வருடம் கழித்தும் பட்டன் இருக்கும். ஆனால் ரப்பருக்கு வயதாகியிருக்கும். இரண்டு வருடம் பழைய டயரை வாங்கினால், ஆறில் இரண்டு பங்கு ஆயுளைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார். ஆறாயிரம் ரூபாய் டயரில் அது இரண்டாயிரம் ரூபாய். இருநூறு ரூபாய் தள்ளுபடிக்கு அதை விடலாமா?

ஒரே கேள்வி

இப்போது போனை எடுங்கள். சிவகாசியில் இரண்டு கடை, சாத்தூரில் ஒன்று, ராஜபாளையத்திலோ கோவில்பட்டியிலோ ஒன்று. எல்லோரிடமும் வார்த்தை மாறாமல் இப்படிக் கேளுங்கள்:

"அண்ணே, இன்னோவாவுக்கு 205/65 ஆர்15, சுமைக் குறியீடு 94, நாலு டயர் வேணும். எந்தக் கம்பெனி, எந்த மாடல் இருக்கு? எந்த வாரம், எந்த வருஷத்துச் சரக்கு? ஜி.எஸ்.டி., வால்வு, மாட்டுற கூலி, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து, பழைய டயரைக் கழிச்சுக்கிட்டு, பில்லோட மொத்தம் எவ்வளவு?"

இந்தக் கடைசி வரிதான் கேள்வியின் உயிர். ஏன் என்று ஒரு கணக்கில் பார்ப்போம். இவை கணக்குக்காகச் சொல்லும் எண்களே. சந்தை விலை அல்ல.

முதல் கடைக்காரர் டயர் ஒன்றுக்கு 4,100 ரூபாய் என்கிறார். நான்கு டயர் 16,400. பிறகு பில் போடும்போது வால்வு நான்குக்கு 240, மாட்டும் கூலி 400, பேலன்சிங் 600, அலைன்மென்ட் 500. மொத்தம் 18,140. பழைய டயரை அவர் எடுத்துக்கொள்கிறார், அதற்குப் பணம் இல்லை.

இரண்டாவது கடைக்காரர் அதே டயரை 4,400 என்கிறார். நான்கு 17,600. ஆனால் மற்ற எல்லாம் அதில் அடக்கம். பழைய டயருக்கு ஒன்றுக்கு 200 வீதம் 800 கழித்துக்கொள்கிறார். மொத்தம் 16,800. போனில் டயருக்கு 300 ரூபாய் அதிகம் சொன்னவர்தான் முடிவில் 1,340 ரூபாய் குறைவாகத் தருகிறார்.

பேலன்சிங்கில் இன்னொன்று. சில கடைகளில் பேலன்சிங் கூலி தனி, சக்கரத்தில் ஒட்டும் ஈய எடைக்குக் கிராம் கணக்கில் காசு தனி. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நைட்ரஜன் காற்றுக்கு என்று தனியாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லத் தயங்க வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். காற்றை அளவாக, ஒழுங்காகப் போட்டாலே போதும்.

மதுரையில் டயருக்கு இருநூறு ரூபாய் குறைவு என்று தெரிந்தால் உடனே கிளம்பிவிட வேண்டாம். தாயில்பட்டியிலிருந்து போய் வர நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோலுக்கே ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். வேறு வேலையாக மதுரை போகும்போது அதையும் சேர்த்து முடித்துக்கொண்டால் லாபம். அல்லது அந்த மதுரை விலையை வைத்துச் சிவகாசிக் கடைக்காரரிடம் பேசலாம்.

ஆன்லைனில் வாங்குபவர்களும் இதே கணக்கைப் போட வேண்டும். வந்து இறங்கிய டயரின் தேதி பழையதாக இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, உள்ளூரில் யார் மாட்டித் தருவார்கள், என்ன கூலி, நாளை வாரண்டி என்றால் யாரிடம் போவது ஆகிய நான்கும் தெரிந்த பிறகே ஆர்டர் போடுங்கள்.

விலை எங்கே குறையும், எங்கே குறையாது

டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வரிக்கு முன் 4,000 ரூபாய் உள்ள டயர் முன்பு 5,120, இப்போது 4,720. ஒரு டயருக்கு 400 ரூபாய், நான்குக்கு 1,600. பில்லில் 18 சதவீதம்தான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்கு முன்பு டயர் வாங்கியவர்கள் அந்தப் பழைய விலையை நினைவில் வைத்துக்கொண்டு, "போன தடவையை விட நூறு ரூபாய் குறைத்துவிட்டார்" என்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம்.

"கம்பெனி கம்பெனியாக மாற்றிப் பார்த்தால் பெரிய வித்தியாசம் வருமா?" என்று சிலர் கேட்பார்கள். இதில் நாடறிந்த ஒரு வழக்கு உண்டு. எம்.ஆர்.எஃப்., அப்போலோ, ஜே.கே., சியட், பிர்லா ஆகிய ஐந்து கம்பெனிகளும் அவற்றின் சங்கமும் தங்களுக்குள் பேசிவைத்து விலையை உயர்த்தின என்று அகில இந்திய டயர் வியாபாரிகள் கூட்டமைப்பு புகார் செய்தது. இந்தியப் போட்டி ஆணையம் 2018 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவில் மொத்தம் சுமார் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அது 2022 பிப்ரவரியில் வெளியானது. அது கார் டயரைப் பற்றியதல்ல. லாரி, பஸ்களுக்கு மாற்றும் டயர்களைப் பற்றியது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. 2022 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை மறுபடி ஆராயும்படி ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. எனவே அந்த உத்தரவை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது.

அந்த வழக்கின் முடிவு எப்படிப் போனாலும், கம்பெனி வைக்கும் விலையில் நம் பேரம் எடுபடாது. கடைக்காரரின் லாபம், அவரிடம் தேங்கிய சரக்கு, அவர் சேர்த்துத் தரும் வேலைகள் ஆகியவற்றில் எடுபடும். அதனால் நமக்குப் பொருந்தும் இரண்டு மூன்று மாடல்களை முதலில் முடிவு செய்துகொண்டு, அவற்றைக் கடை கடையாகக் கேட்பதுதான் பலன் தரும்.

மலிவான வெளிநாட்டு டயர் என்று யாராவது காட்டினால், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கார் டயருக்கான தர எண் ஐ.எஸ். 15633. இந்த முத்திரை இல்லாமல் இங்கே புது டயர் விற்க முடியாது. 2020 ஜூனிலிருந்து வெளிநாட்டு டயர் இறக்குமதிக்கு அரசின் உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்தது.

பழைய டயர் வாங்கி ஓட்டுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளம் வெட்டிப் புதுப் பட்டன் போலக் காட்டுவார்கள். பட்டன் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சிறிய ரப்பர் மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று அர்த்தம். காருக்கு அதற்குக் கீழே போனால் மோட்டார் வாகன விதிப்படி அந்த டயரில் ஓட்டக் கூடாது. பள்ளம் ஆழமாக இருந்தும் இந்த மேடுகள் எங்குமே தெரியவில்லை என்றால், அது வெட்டிய டயர் என்று சந்தேகப்படுங்கள்.

பில், வாரண்டி, தவணை

"பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை. பில்லில் டயரின் மாடல், வரிசை எண், தேதி மூன்றும் இருக்கட்டும். சாதாரண வாரண்டி தயாரிப்புக் குறைக்கு மட்டுமே. அதிலும் தேய்ந்த அளவைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். பள்ளத்தில் விழுந்து பக்கவாட்டு கிழிந்தால் அதில் வராது. சில கம்பெனிகள் சில மாடல்களுக்கு அதையும் சேர்த்துத் தருகின்றன. ஆனால் வாங்கிய சில நாட்களுக்குள் பதிவு செய்யச் சொல்வார்கள். கடையில் நிற்கும்போதே அதைக் கேட்டு முடித்துவிடுங்கள்.

வண்டி இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்றும் இருந்துவிட வேண்டாம். வழக்கமான பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் வராது. விபத்தில் வண்டியும் சேர்ந்து சேதமானால்தான் வரும். அதுவும் புது டயர் விலையில் பாதி.

"வட்டியில்லாத் தவணை" என்ற பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிரெடிட் கார்டில் இது பெரும்பாலும் நடப்பது இப்படித்தான்: பேங்க் வட்டியைப் போடுகிறது, அந்தத் தொகையை விற்பவர் தள்ளுபடியாக முன்கூட்டியே கழித்துக் காட்டுகிறார். கார்டு அறிக்கையில் வட்டி என்ற வரியும், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், சில நேரம் தனிக் கட்டணமும் இருக்கும். வட்டியை விட்டு விலகியிருக்க நினைக்கும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். முழுப் பணம் கையில் இல்லையென்றால் நான்கையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்பதில்லை. இப்போது இரண்டு, ஆறு மாதம் கழித்து இரண்டு என்று மாற்றலாம். அப்படி இரண்டு மட்டும் வாங்கினால் புதியவற்றைப் பின்னால் மாட்டச் சொல்லுங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டியானாலும் இதுதான் டயர் கம்பெனிகள் சொல்வது. ஈர ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். அதைத் திருப்பிக் கட்டுப்படுத்துவது கடினம்.

வாங்கிய பிறகு கடைக்காரர் பேச்சு மாற்றினால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்யலாம். வாங்கிய பொருளின் மதிப்பு ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

வாங்கியதைக் காப்பதும் மிச்சம்தான்

வெயில் காலத்தில் டயர் வெடிக்கும் என்று பயந்து காற்றைக் குறைத்து வைக்கும் பழக்கம் நம்மில் உண்டு. இது தலைகீழான பழக்கம். காற்று குறைந்தால் பக்கவாட்டு அதிகம் மடங்கி மடங்கிச் சூடேறும். அந்தச் சூடுதான் டயரை வெடிக்க வைக்கிறது. கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவை, வண்டி ஓடாமல் டயர் ஆறியிருக்கும் நேரத்தில் போடுங்கள். மாதம் இரண்டு முறை பார்த்தால் போதும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னும் பின் டயரை முன்னும் மாற்றிப் போட்டால் நான்கும் ஒரே சீராகத் தேயும்.

பேரம் பேசும்போது

பேரம் பேசுவது நம் உரிமை. ஆனால் அடுத்த கடையில் சொல்லாத விலையைச் சொன்னதாகச் சொல்வது பொய். நான்கு கடையில் உண்மையாகக் கேட்டு எழுதி வைத்திருப்பவருக்கு அந்தப் பொய் தேவைப்படாது. டயர்க் கடை நடத்தும் நம் சகோதரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பொருளின் குறையை மறைத்து விற்கக் கூடாது என்பது நம் மார்க்கம் வியாபாரிக்கு விதித்த கடமை. பழைய தேதிச் சரக்கை விற்பதில் தவறில்லை. தேதியைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குக் கொடுங்கள். தெரிந்தே வாங்கியவர் அடுத்த முறையும் உங்களிடமே வருவார்.

இப்போது வாசலில் நிற்கும் வண்டியின் நான்கு டயரையும், ஸ்டெப்னியையும் பார்த்து, அளவையும் அந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வண்டிப் புத்தகத்தோடு வையுங்கள். வீட்டில் உள்ள பிள்ளைகளிடம் சொன்னால் போனில் போட்டோ எடுத்தே வைத்துவிடுவார்கள். மாற்ற இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்று தெரிந்தவர் நிதானமாக விலை கேட்பார். நாளைக் காலை கிளம்ப வேண்டியவரால் அது முடியாது.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் பாதுகாப்பாக ஆக்கி வைப்பானாக. ஆமீன்.